ஹாலில் தம்மாம் மணி

அத்தியாயம் பதினேழு

எட்டு நாளாக ருக்சானா அந்தக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்காமலே ஹாலைக் கடந்துகொண்டிருந்தாள்.

போன வாரம் இதழ் கைக்கு வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலப்பாளையத்தில் அகமது மீரான் வீட்டு ஹாலில் தொங்கும் கடிகாரம் நம் ஊர் மணியைக் காட்டாது. இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும். மகன் சுஹைல் நிக்காஹ் முடித்த கையோடு சவூதியில் தம்மாமுக்குப் போய், முதல் விடுப்பில் வந்தபோது வாங்கி வந்த கடிகாரம் அது. "இதுல ஓடுதது தம்மாம் மணி. யாரும் மாத்தக் கூடாது. நான் இங்கன இருக்கேன்னு நெனச்சுக்கிடுங்க" என்று சொல்லி அவனே ஆணி அடித்து மாட்டினான்.

யாரும் மாற்றவில்லை. பேட்டரி தீரும்போதெல்லாம் அவன் மனைவி ரைஹானத் ஸ்டூல் போட்டு ஏறி, புதுசு போட்டு, திரும்பவும் தம்மாமுக்கே முள்ளைத் திருப்பி வைப்பாள். பதினோரு வருஷம். தெருவுக்கே இது வேடிக்கை. கல்யாண வீட்டுக்கு ஒருவர் தாமதமாக வந்தால், "என்னவே, மீரான் வீட்டு மணியில வாரீரு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

ரைஹானத்துக்கு அது வேடிக்கை இல்லை. அவள் அனுப்பும் குரல் பதிவை சுஹைல் வேலை இடத்தில் வைத்துக் கேட்க மாட்டான். மற்ற செய்திகளை அங்கேயே வாசித்து விடுவான். அவள் குரலை மட்டும், ஷிஃப்ட் முடித்து, நாலு மணிக்கு ரூமுக்கு வந்து, குளித்து, கட்டிலில் படுத்துக் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்பான். கடிகாரம் நாலைக் காட்டினால் ரைஹானத் அடுப்பை அணைத்துவிட்டு போனோடு உட்கார்ந்து விடுவாள். அப்போது நமக்கு மணி ஆறரை.

இந்தக் கடிகாரத்தைத்தான் ருக்சானா தன் ஆய்வில் எழுதிவிட்டாள்.

சுஹைலின் ஒரே தங்கை அவள். எம்.ஏ. பெண்ணியல். "அது படிச்சா என்ன வேலை கெடைக்கும்?" என்று ஊர் கேட்டபோது, டவுண் ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் துணி கிழித்த வாப்பா அகமது மீரான், "கலெக்டர் ஆபீஸ்ல கூப்பிட்டுக் குடுப்பாவ" என்று அடித்து விட்டார். கலெக்டர் ஆபீஸ் கூப்பிடவில்லை. உடன் படித்த எட்டுப் பேரில் ஒருத்தி மகளிர் குழுக்களுக்கு ஒருங்கிணைப்பாளராகப் போனாள். ஒருத்தி சென்னையில் ஒரு கம்பெனியின் புகார்க் குழுவில் இருக்கிறாள். இரண்டு பேர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ருக்சானா இரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டாள். எல்லா விளம்பரத்திலும் 'முதுகலை சமூகப்பணி' என்று இருக்கும், முற்றுப்புள்ளி இருக்கும். பாளையங்கோட்டை பெண்கள் உதவி மையத்தின் விளம்பரத்தில்தான் முதன்முதலாக 'அல்லது பெண்ணியல்' என்று இருந்தது. அந்த 'அல்லது'வைப் பார்த்துவிட்டு அவள் அழுததைப் பத்தாம் அத்தியாயத்தில் சொன்னேன்.

ஆலோசகர் வேலை கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணமே அந்த ஆய்வுதான். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் மனைவிமாரைப் பற்றிப் பதினெட்டுப் பேட்டிகள். பதினொன்றாவது பேட்டியில் 'மரியம்' என்று ஒருத்தி வருகிறாள். அவள் ரைஹானத்.

பேரை மாற்றினாள், வயதை மாற்றினாள், பெண் பிள்ளையை ஆண் பிள்ளை ஆக்கினாள், தெருவைக் கடையநல்லூருக்கே கொண்டுபோனாள். கடிகாரத்தை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்தப் பக்கத்தில் உயிர் இருக்காது என்று தோன்றியது. படித்த பெண்ணுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். புத்தி எங்கும் போகவில்லை அம்மா, நல்ல வரியை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

துறையின் ஆண்டு மலரில் அது அச்சாகி, இணையத்திலும் ஏறியது. எதிர்வீட்டு ஆபிதா பீவியின் மருமகன் தம்மாமில் இருக்கிறார். யாரோ அனுப்பிய அந்தப் பக்கம் அவர் போனுக்கு வந்தது. "இது மீரான் வீட்டுக் கடிகாரமாச்சே" என்றார். அன்று இரவுக்குள் சுஹைலின் ரூமில் இருந்த ஆறு பேரும் வாசித்துவிட்டார்கள். ஏழாவதாக சுஹைல் வாசித்தான்.

'அந்த மணிதான் எனக்குப் புருசன். ஆள் வந்தா அவரு வேற யாரோ. எனக்குக் கூச்சமா இருக்கும். மூணாம் நாளே எப்பப் போவாருன்னு நெனச்சிருவேன். அப்படி நெனச்சதுக்காக ராத்திரி முழுக்க அழுவேன்.'

அன்றிலிருந்து அவன் ரைஹானத்தோடு பேசவில்லை. வாப்பாவுக்கு மட்டும் ஒரு பதிவு அனுப்பினான். "வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பொறவு பள்ளிவாசல் ஜமாஅத்துல உக்காருங்க. அது பொய்யின்னு ருக்கு எழுதிக் குடுத்தா விட்டுருதேன். இல்லன்னா பிரிச்சு விட்டுருங்க. ஆறு பேரு முகத்துல என்னால முழிக்க முடியல வாப்பா."

இன்று வியாழக்கிழமை. ருக்சானா வேலையில் சேரக் கடைசி நாளும் இன்றுதான்.

*

"இந்தா. ஒரு கையெழுத்து. ஒன்னோட உசுரையா கேக்கேன்?"

உம்மா மும்தாஜ் பேகம் தாளை நீட்டினாள். வாப்பா கைப்பட எழுதியது. ஜவுளிக்கடைப் பில்லில் முப்பது வருஷம் உருண்ட முத்தான எழுத்து.

'எனது ஆய்வில் மரியம் என்ற பெண் கூறியதாக உள்ளவை உண்மையல்ல. அவ்வாறு எவரும் என்னிடம் கூறவில்லை. நானே கற்பனையாக எழுதியது.' கீழே அவள் பெயர், பட்டம், கையெழுத்துக்கு இடம்.

வாப்பா சாய்வு நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"வாப்பா, இதுல நான் கையெழுத்துப் போட்டா என் படிப்பே பொய்யின்னு ஆயிரும்."

"தெரியும்மா."

"வேலையும் போயிரும்."

"அதுவும் தெரியும்." அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "தெரிஞ்சுதான் எழுதினேன். எழுதுத கை என் கைதானான்னு இருக்கு."

உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வேலை நாளைக்கு இன்னொண்ணு வரும். வாழ்க்க வருமா? ஏழு வயசுப் புள்ளைய வச்சுக்கிட்டு அவ எங்க போவா? அவளச் சொல்ல வச்சது யாரு? நீதான? ஊருப் பொம்பளையளுக்கெல்லாம் நியாயம் பேசப் போறவ, வீட்டுல இருக்கவளுக்கு ஒரு பொய்யி சொல்லக் கூடாதா?"

ருக்சானா தாளைக் கையில் வாங்கினாள்.

"மதினிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்று ருக்சானா அடுக்களைக்குப் போனாள்.

ரைஹானத் பிள்ளையின் டிபன் டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள். எட்டு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"மதினி, அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டுரட்டுமா? நீங்க என்ன சொல்லுதிய?"

பெண்ணியல் பேராசிரியர் அனுராதா முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. கேள்வி கேட்டுவிட்டால் வாயை மூடிக்கொள். மனசுக்குள் ஒன்று முதல் இருபது வரை எண்ணு. பெண்கள் பத்துக்குள் பதில் சொன்னால் அது பிறர் சொல்லிக்கொடுத்தது. இருபதைத் தாண்டி வருவதுதான் அவர்களுடையது. பேட்டி எடுத்த அன்றைக்கு மொட்டை மாடியில், வடகம் காயப்போட்ட துணி ஓரத்தில், ருக்சானா இருபது எண்ணிவிட்டு மேலும் பத்து எண்ணினாள். அதற்குப் பிறகுதான் ரைஹானத் கடிகாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

இன்று ருக்சானா எண்ணவில்லை. ரைஹானத் உதட்டைப் பிரித்தாள், மூடினாள். ஹாலிலிருந்து உம்மா, "ஏட்டி, அவளப் போட்டு ஏன் பாடாப் படுத்துத?" என்று கத்தினாள்.

"ஒனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுல்லா ருக்கு" என்றாள் ரைஹானத், மெதுவாக.

'சரி' என்றுதான் சொல்கிறாள் என்று ருக்சானா எடுத்துக்கொண்டாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

*

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே அனுராதாவுக்கு போன் போட்டாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் பக்கத்தை இன்னைக்கே எடுத்துரலாம். தனிப்பட்ட காரணத்தால் நீக்கப்பட்டதுன்னு போட்டுரலாம். போதுமா?" என்றார்.

"போதாது மேடம். எடுத்தா நெசம்னுதான் அர்த்தம்னு அண்ணன் சொல்லிட்டான். பொய்யின்னு எழுதணுமாம்."

"ருக்சானா, நான் சொல்றதைக் கோவிச்சுக்காதே. நீ அப்படி எழுதிக் கொடுத்து அது என் கண்ணுல பட்டா, நான் சும்மா இருக்க முடியாது. மத்த பதினேழு பேட்டியும் பொய்யான்னு கேப்பாங்க. அந்தப் பதினேழு பொம்பளைங்களும் ஒன்னை நம்பித்தானே பேசினாங்க? பட்டத்தையே திரும்பக் கேப்பாங்கம்மா."

"தெரியும் மேடம்."

"கடிகாரத்தை எடுத்திருக்கணும். நானும்தான் விட்டுட்டேன். அந்த வரியை வகுப்புல வாசிச்சுக் காட்டினதே நான்தானே."

பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பாலம் தாண்டும்வரை ருக்சானா அழுதாள். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா எதுவும் கேட்காமல் கூடையை நகர்த்தி இடம் விட்டாள்.

*

உதவி மையம் பாளையங்கோட்டையில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. நிர்வாகி ரீபாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நரையை மறைக்காமல் கொண்டை போட்டிருந்தார்.

"வாங்க ருக்சானா, வாங்க. காலையில இருந்து உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன். சாப்பிட்டீங்களா? இதுதான் உங்க நாற்காலி. முதுகு கொஞ்சம் ஆடும், ஒரு அட்டைய மடிச்சுக் கீழ வச்சிருக்கேன்."

நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி. நடுவில் மேசை. மேசையில் ஒரு செம்பில் தண்ணீர், ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை, நீல அட்டைப் பதிவேடு ஒன்று. இரண்டு வருஷமாகக் கற்பனையில் பார்த்ததெல்லாம் இவ்வளவுதான். இவ்வளவு போதும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

"வேலை ஒண்ணும் மந்திரமில்ல" என்றார் ரீபா, சேர்க்கைப் படிவத்தை நகர்த்திவைத்தபடி. "வாரவங்க சொல்லுததை அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதணும். நம்ம வார்த்தையப் போட்டு அழகு பண்ணக் கூடாது. எழுதி முடிச்சதும் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். 'ஆமா, இதத்தான் சொன்னேன்'னு அவங்க சொன்ன பொறவுதான் கையெழுத்து. அதுவரைக்கும் அது நம்ம எழுத்து, அவங்க பேச்சு இல்ல. இது ஒண்ணைத்தான் நான் கண்டிப்பாப் பார்ப்பேன்."

ருக்சானா பேனாவைக் கையில் எடுத்தாள். பெயர் எழுதினாள். அகமது மீரான் மகள் என்று எழுதினாள். கல்வித்தகுதி என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. பைக்குள் இருந்த தாளும் இதே பெயரையும் இதே பட்டத்தையும் போட்டுத்தான் எழுதியிருந்தது.

"ஒங்க ஆய்வ முழுசா வாசிச்சேன்" என்றார் ரீபா. "அந்தக் கடிகாரக்காரம்மா இருக்காங்களே, மரியம். எங்க வீட்டுக்காரர் இருபது வருசம் கப்பல்ல இருந்தாரு. அவங்கள நெனச்சு நான் ஒரு நாள் முழுக்க அழுதேன். அவங்க நல்லா இருக்காங்களா?"

ருக்சானா எதிர் நாற்காலியைப் பார்த்தாள். ஒரு பெண் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததைச் சொல்லுவாள். சொன்னதைப் பொய் என்று எழுதிக்கொடுத்த ஒருத்தி இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பாள்.

படிவத்தை நகர்த்தி வைத்தாள். "மேடம், என்னால சேர முடியாது. காரணம் கேக்காதிய. நான் இந்த நாற்காலிக்குத் தகுதி இல்லாதவளா இன்னைக்குச் சாயங்காலம் ஆயிருவேன்."

ரீபா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். எத்தனையோ பெண்களைப் பார்த்தவர், வற்புறுத்தவில்லை. "அஞ்சு மணி வரைக்கும் படிவம் மேசையிலதான் இருக்கும்" என்றார்.

வெளியே வாசல் வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, அதன் மேல் வாப்பா எழுதிய தாளை விரித்து, ருக்சானா கையெழுத்துப் போட்டாள். பெயருக்குக் கீழே எம்.ஏ. என்பதைப் பார்த்தபோது இரண்டு சொட்டு விழுந்து மை கலைந்தது. ஊதிக் காயவைத்தாள்.

*

ஜமாஅத் அலுவலகத்துக்குள் பெண்கள் போவதில்லை. வாப்பாதான் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உம்மாவும் ருக்சானாவும் அடுத்த வீட்டு முன்னறையில் ஜன்னல் ஓரமாக நின்றார்கள்.

செயலாளர் பீர் மைதீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். தெருவுக்கே நல்ல மனிதர். வாசித்து முடித்ததும் தலையை ஆட்டினார்.

"மீரான் அண்ணாச்சி, நம்ம புள்ள படிச்ச புள்ள. இது பொய்யின்னு எழுதிக் குடுக்குததும் லேசுப்பட்ட காரியம் இல்ல. எனக்கு மனசே சரியில்ல. ஆனா ஒரு குடும்பம் நிக்கிது. அல்லாஹ் பொறுத்துக்கிடுவான்."

தாளைப் படம் எடுத்து சுஹைலுக்கு அனுப்பினார். கூடவே தெருக்காரர்களின் போன் குழுவிலும் போட்டார், வம்பு பேசியவர்கள் வாயை அடைக்கட்டும் என்று. ஐந்து நிமிஷத்தில் தம்மாமிலிருந்து எழுத்தில் பதில் வந்தது.

'சரி மாமா. பொய்யின்னு எழுதிட்டாள்ல. விட்டுட்டேன்.'

உம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று தேம்பினாள். மகளைக் கட்டிக்கொண்டு உச்சி முகர்ந்தாள். "எம் மக்கா. ஒன் மதினி உசுரு உள்ள மட்டும் ஒனக்கு துஆ செய்வாட்டி" என்றாள்.

வெளியே வந்த வாப்பா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தார். மணி ஐந்து தாண்டிவிட்டது. மேசை மேல் இருந்த படிவத்தை ரீபா எடுத்து வைத்திருப்பார் என்று ருக்சானா நினைத்தாள். போன வேலையைவிட அந்த ஆடுகிற நாற்காலிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

உம்மா வழியில் நின்று அல்வா வாங்கினாள். ரைஹானத்துக்குப் பிடிக்குமாம்.

*

வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. திசையன்விளையிலிருந்து ரைஹானத்தின் தம்பி ரசீத் வந்திருந்தான். ஸலாம் சொன்னான். ஆனால் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஹாலுக்குள் நுழைந்ததும் சுவர்தான் முதலில் கண்ணில் பட்டது. கடிகாரம் இருந்த இடத்தில் வட்டமாக வெள்ளை. ரைஹானத் பர்தா போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பை. பிள்ளை பள்ளிச் சீருடை மாற்றாமல் பக்கத்தில் நின்றது. கடிகாரம் அவள் மடியில் குப்புறக் கிடந்தது.

"இப்ப நம்ம மணி எத்தன ருக்கு?"

"ஆறு பத்து, மதினி."

ரைஹானத் பின்பக்கத் திருகியைத் திருப்ப ஆரம்பித்தாள்.

உம்மா அல்வாப் பொட்டலத்தோடு முன்னால் ஓடினாள். "என்னம்மா இது? எங்க கெளம்புத? எல்லாம் முடிஞ்சுட்டு. சுஹைல் சரின்னுட்டான்!"

"தெரியும் மாமி. குழுவுல வந்துச்சு. நானும் வாசிச்சேன்."

அவள் உம்மாவிடம் சொன்னாலும் ருக்சானாவைத்தான் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ருக்சானா பிழைத்திருப்பாள்.

"மதினி, காலையில நான் ஒங்ககிட்டக் கேட்டேம்லா..."

"கேட்ட. நான் வாயத் தொறக்கதுக்குள்ள போயிட்ட."

"ஒங்க வாழ்க்கைக்காகத்தான் மதினி. நான் வேலையக்கூட..."

"நான் கேட்டனா?" ரைஹானத் திருகியிலிருந்து கையை எடுத்தாள். "மாடியில நான் சொன்னதுல எது பொய்யி, சொல்லு? இந்த வீட்டுக்கு வந்த பன்னெண்டு வருசத்துல வாயத் தொறந்து நான் சொன்ன நெசமே அது ஒண்ணுதான். எங்க உம்மாட்ட சொன்னதில்ல. நீ கேட்ட, அதனால சொன்னேன். நீ எழுதினது ஊருக்குத் தெரிஞ்சப்பகூட எனக்கு அவமானமாத்தான் இருந்துச்சு, பொய்யா இருக்கல. இன்னைக்கு ஊரு பூராவுக்கும் எழுதிக் குடுத்துட்ட, அப்படி ஒருத்தி சொல்லவே இல்லன்னு."

ரைஹானத் திரும்பவும் திருகியைத் திருப்பினாள்.

"எழுதினத ஒரு தடவ எனக்கு வாசிச்சுக் காட்டியிருக்கியா ருக்கு? மொதத் தடவையும் காட்டல. இன்னைக்கும் காட்டல."

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. காலையில் அடுக்களையில் இருபது எண்ண எத்தனை நொடி ஆகியிருக்கும்? அந்த நொடிகளைத் தரவில்லை. தராமல் போய்த்தான் ஒரு நாள் முழுக்க அலைந்து, படிப்பையும் வேலையையும் தூக்கிப் போட்டு, கேட்காத ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"நீ காலையில போன பொறவு நானே பேசி அனுப்பிட்டேன், ஒங்க அண்ணனுக்கு" என்றாள் ரைஹானத். "ஆமா, நாந்தான் சொன்னேன், நெசந்தான்னு சொன்னேன். ரெண்டு மாசம் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போவாதிய, வந்து இருந்துருங்க, எனக்கு ஒங்களப் பழகணும்னு சொன்னேன். அதுக்கு மனசில்லன்னா விட்டுருங்கன்னும் சொன்னேன். எட்டு நாளு எடுத்துச்சு எனக்கு, அத வாய் விட்டுச் சொல்ல."

"அண்ணன் கேட்டானா?"

"இன்னும் கேக்கல. நாலு மணிக்கு ரூமுக்குப் போனாத்தான கேப்பாரு? ஒன் காயிதத்த வாசிச்சுட்டாரு. என் குரலு இன்னும் காத்துக்கிட்டு நிக்கிது."

உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லாஹ், நான் என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். வாப்பா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார்.

ரைஹானத் மாமியாரின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல மாமி. அவரு கேட்டுட்டு என்ன சொல்லுதாரோ சொல்லட்டும். அதுவரைக்கும் சொல்லாதவ மாதிரி இந்த வீட்டுல என்னால உக்கார முடியாது. ரசீத், பைய எடு."

முள் ஆறு பதினைந்துக்கு வந்தது. அவள் கடிகாரத்தை ருக்சானாவின் கையில் கொடுத்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பிள்ளை மட்டும் திரும்பி, "ருக்கு மாமி, டாட்டா" என்றது.

கார் திரும்பித் தெருமுனையில் மறையும்போது பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டது.

*

ருக்சானா ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தை ஆணியில் மாட்டினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்த ஹாலில் நம் ஊர் மணி ஓடியது. வீடு யாரோ ஒருவர் வீடு மாதிரி இருந்தது.

வாப்பா தொழுதுவிட்டு விரிப்பிலேயே இருந்தார். உம்மா அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள். எல்லோருமே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கழித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆறரை. தம்மாமில் நாலு. ரூமுக்கு வந்திருப்பான்.

ஆறு நாற்பது. குளித்துவிட்டு அவள் குரலைக் கேட்க ஆரம்பித்திருப்பான்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு உம்மாவின் போன் அடித்தது. திரையில் மகன் பெயர். உம்மா அதைத் தொடப் பயந்து ருக்சானாவிடம் நீட்டினாள். "நீ பேசு. நீதான எழுதின."

ருக்சானா எடுத்துக் காதில் வைத்தாள். "அண்ணே" என்றாள்.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சொல்வதற்கு அவளிடம் நூறு இருந்தது. மன்னிப்பு, காரணம், காலையில் நடந்தது, காகிதத்தில் இருப்பது பொய் என்பது. எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள்.

பதினாலில் அண்ணன் அழும் சத்தம் கேட்டது. ருக்சானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதினைந்து, பதினாறு என்று எண்ணிக்கொண்டே இருந்தாள்.